சேர்க்கும் முன் சரிபாருங்கள்: குமரி மாவட்ட மருத்துவமனைகளின் தரத்தை அறிய ஒரு வழிகாட்டி

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். உடனடி ஆபத்து இல்லை, ஆனால் இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாங்கள் நாகர்கோவிலுக்குக் குடிவந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மருத்துவமனை எது என்று விசாரித்தேன். வடசேரியில் ஒரு பெயர் சொன்னார்கள், மார்த்தாண்டத்தில் வேறொன்று. தக்கலையில் ஒரு பெரியவர், "பேசாமல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போங்கள்" என்றார். ஒருவராலும் காரணம் சொல்ல முடியவில்லை. "எங்கள் மாமாவை அங்கேதான் காட்டினோம்" என்பதற்கு மேல் யாரிடமும் தகவல் இல்லை.

மூன்று வாரம் அலைந்தேன். எந்த மருத்துவமனை தன்னை வெளியார் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டிருக்கிறது, அதன் விவரம் எங்கே கிடைக்கும், எதை நம்பலாம் என்று அப்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே இது பொருந்தும். நெஞ்சுவலி, விபத்து, பக்கவாதம் என்றால் எதையும் சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, "இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு பார்த்துவிட்டுச் சேர்" என்றான். அங்கே மெடிகேர் தளத்தில் மருத்துவமனைகளை ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரித்துக் காட்டுகிறார்கள். நோய்த்தொற்று, இறப்பு, மறுபடியும் வந்து சேர்ந்தவர்கள் என்று பல கணக்குகள் அதில் சேரும். நம் நாட்டில் அப்படி ஒவ்வொரு மருத்துவமனையின் கணக்கையும் ஒரே இடத்தில் மக்கள் பார்க்கும்படி வெளியிடும் ஏற்பாடு இல்லை. கிடைப்பதெல்லாம் துண்டு துண்டாக, ஐந்தாறு இடங்களில் கிடக்கிறது. பொறுமையாகத் தேடினால், ஒரு முடிவுக்கு வரும் அளவுக்குத் தேறும்.

1. முதலில் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் எந்தத் தனியார் மருத்துவமனையும் கிளினிக்கும் லேப்பும் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்டத்தில் இதைக் கவனிப்பது மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைப்பது விதி. வரவேற்பறைச் சுவரில் தேடுங்கள். இல்லையென்றால் கேளுங்கள். செலவு ஒன்றும் இல்லை, ஐந்து நிமிட வேலை.

இது தரச் சான்று அல்ல. கடை நடத்த உரிமம் இருப்பது போலத்தான். ஆனால் இதுகூட இல்லாத இடத்தில் மற்றவற்றைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

2. என்.ஏ.பி.எச். பட்டியல்: பெயர்ப்பலகையை நம்பாமல் தளத்தைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். என்.ஏ.பி.எச். என்பது மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம். இந்தியத் தரக் குழுமத்தின் ஓர் அங்கம். மருத்துவமனை தானாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்களின் சோதனையில் தேறினால் அங்கீகாரம் கிடைக்கும். கட்டாயம் இல்லை. எனவே அங்கீகாரம் இல்லாத மருத்துவமனையெல்லாம் மோசம் என்று பொருள் கொள்ள வேண்டாம். விண்ணப்பித்திருக்கிறது என்றால், அயலார் வந்து தன் ஏடுகளைப் புரட்ட அந்த நிறுவனம் சம்மதித்திருக்கிறது. அந்த மனநிலைக்கு நான் மதிப்பெண் கொடுக்கிறேன்.

நான் போன ஒரு மருத்துவமனையின் வாசலிலேயே பெரிய முத்திரை இருந்தது. வீட்டுக்கு வந்து வாரியத்தின் தளத்தில் தேடியபோது, அந்த அங்கீகாரம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மறுநாள் போய்க் கேட்டேன். "புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். கொடுத்ததற்கான தாளைக் காட்டவில்லை. எங்கள் தெருவில் முப்பது ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா அன்று சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்: "மக்களே, சுவரில் இருப்பதைப் பார்த்து மயங்காதே. தாளைக் கேள், தாளில் தேதியைப் பார்."

தளத்தில் மாநிலத்தையும் ஊரையும் கொடுத்துத் தேடலாம். அங்கே நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எந்த வகை. முழு அங்கீகாரம் வேறு, ஐம்பது படுக்கை வரையிலான சிறிய மருத்துவமனைகளுக்கான அங்கீகாரம் வேறு, நுழைவுநிலைச் சான்றிதழ் வேறு. நுழைவுநிலை என்பது முதல் படிக்கட்டு. அதில் சோதிக்கப்படும் அம்சங்கள் மிகக் குறைவு. காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பதால் பல சிறிய மருத்துவமனைகள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் என்.ஏ.பி.எச். என்ற நான்கெழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டுக்கொள்கின்றன. வகையைக் கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டாவது, எது முதல் எது வரை செல்லும் என்ற தேதி.

மூன்றாவது, முகவரி. ஒரே பெயரில் நாகர்கோவிலில் ஒரு கிளை, வேறு ஊரில் ஒரு கிளை இருந்தால், அங்கீகாரம் எந்தக் கட்டடத்துக்கு என்று பாருங்கள். ஒன்றுக்குக் கிடைத்தது மற்றொன்றுக்குச் செல்லாது.

நான்காவது, எந்தெந்தச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு என்ற பட்டியல். உங்களுக்கு வேண்டிய பிரிவு அதில் இருக்க வேண்டும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் நம் மாவட்டத்தின் பெயரை ஓரிடத்தில் ஒற்றை 'என்' போட்டும் இன்னோரிடத்தில் இரட்டை 'என்' போட்டும் எழுதியிருக்கிறார்கள். தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். "உங்கள் மாவட்டத்தில் ஒன்றும் இல்லை" என்று திரை காட்டினால் நம்பிவிடாதீர்கள். மூன்று நான்கு விதமாக அடித்துப் பாருங்கள். நாகர்கோவில் என்று ஊர்ப்பெயராலும் தேடுங்கள். முகவரியில் 629 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு இருந்தால் அது நம் மாவட்டம்தான்.

அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை நோய்த்தொற்று, மருந்துப் பிழை, படுக்கையிலிருந்து விழுந்தவர்கள் போன்ற கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அவற்றை நமக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கணக்கு அவர்களிடம் இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொண்டால், கேட்பதற்குத் துணிவு வரும். ஆறாம் படியில் அதற்கு வருகிறேன்.

3. அரசு மருத்துவமனைகளைத் தனியாகப் பாருங்கள்

ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி அரசு மருத்துவமனைகள், ஊர்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றை அளக்கும் கோல் வேறு. மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்.க்யூ.ஏ.எஸ். என்பது தேசியத் தர உறுதிச் சான்று. நோயாளி உரிமை, நோய்த்தொற்றுத் தடுப்பு, சிகிச்சை முறை, விளைவு என எட்டுத் தலைப்புகளில் மதிப்பெண் போடுவார்கள். தேற 70 விழுக்காடு வேண்டும். மூன்றாண்டுக்குச் செல்லும்.

லக்ஷ்யா பிரசவ அறைக்கும் பிரசவ அறுவை அரங்குக்கும் உரியது. 70, 80, 90 விழுக்காட்டுக்கு முறையே வெள்ளி, தங்கம், பிளாட்டினம். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டார் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிள்ளைப்பேற்றுக்குத் தனியாருக்கு ஓடும் முன் இந்த ஒரு தகவலையாவது பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

காயகல்ப் சுத்தத்துக்கும் கழிவு மேலாண்மைக்கும் வழங்கப்படும் விருது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதில் சேர்கின்றன.

சான்று பெற்ற அரசு நிலையங்களின் பட்டியலைத் தேசிய சுகாதார அமைப்புகள் வள மையம் இணையத்தில் மாநில வாரியாக வெளியிடுகிறது. இங்கேயும் தேதிதான் முக்கியம். மூன்றாண்டுக்கு முன் வாங்கிய சான்றை இன்னும் மாட்டி வைத்திருப்பார்கள்.

4. காப்பீட்டுத் திட்டப் பட்டியல்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மருத்துவமனைகள் சேர்ந்திருக்கின்றன என்பது அதன் தளத்தில் மாவட்ட வாரியாக இருக்கிறது. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கு 14555. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்பது முதலமைச்சர் திட்டம்.

இங்கே பலர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். மருத்துவமனை பட்டியலில் இருக்கும். உங்கள் சிகிச்சைப் பிரிவு இருக்காது. கண் சிகிச்சைக்கு மட்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் பித்தப்பைக்குக் காப்பீடு செல்லாது. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். தொலைபேசியில் கேட்கும்போது "இந்த மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சைக்கு உண்டா" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். முன் அனுமதி வந்த பிறகே அட்மிஷன் போடச் சொல்லுங்கள்.

காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்கு வேண்டியவை: குடும்ப அட்டை, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்றிதழ். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர் பரிந்துரை என்று அது நகர்ந்து வரச் சில நாட்கள் ஆகும். நோய் வந்த பிறகு ஓடாதீர்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் குடும்ப அட்டையில் முகவரியை மாற்றிய கையோடு இதையும் முடித்துவிடுங்கள்.

5. மருத்துவர், லேப், கழிவு அறிக்கை

மருத்துவரின் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலேயே பார்க்கலாம். தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் பெயரும் பட்டமும் வரும். நம் மாவட்டத்தில் கேரளத்தில் படித்துப் பதிவு செய்தவர்கள் பலர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் இல்லை என்றதும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். கேரளப் பட்டியலையும் தேசியப் பதிவேட்டையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

லேப் என்றால் பார்க்க வேண்டியது என்.ஏ.பி.எல். அங்கீகாரம், அதாவது ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம் தருவது. அது லேப்புக்கு மொத்தமாகக் கொடுப்பது அல்ல, எந்தெந்தப் பரிசோதனைக்கு என்று பட்டியல் உண்டு. பல இடங்களில் ரத்தம் எடுப்பது மட்டும் இங்கே, பரிசோதனை வேறு ஊரில். அங்கீகாரம் எந்த முகவரிக்கு என்று கேளுங்கள்.

பலர் அறியாத ஒன்று: 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, மருத்துவமனைகள் ஆண்டறிக்கையைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நான்காம் படிவம் என்று பெயர். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுப்பது அதுதான். படுக்கை எண்ணிக்கை, கழிவின் அளவு, ஊழியர்களுக்குக் கொடுத்த பயிற்சி, கழிவைக் கையாளும்போது நடந்த விபத்துகள் எல்லாம் அதில் இருக்கும். நாம் தேடும் சிகிச்சைத் தரம் முழுவதும் இதில் தெரியாது. ஆனால் சட்டம் கேட்டதை ஒழுங்காக வெளியிடும் இடமா என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். நான் பார்த்தவற்றில் ஒன்றில் மூன்று ஆண்டு அறிக்கையும் வரிசையாக இருந்தது. இன்னொன்றில் அந்தப் பக்கமே திறக்கவில்லை.

6. நேரில் போய்க் கேளுங்கள்

இரண்டு மூன்று பெயர்களாகச் சுருக்கிய பிறகு நேரில் போங்கள். காலை புறநோயாளி நெரிசலில் யாரும் பேச மாட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் தரப் பிரிவு அலுவலரையோ நிர்வாக அலுவலரையோ பிடிக்கலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகலைக் கையில் வைத்திருங்கள். நான் கேட்டவை இவைதான்:

இந்த அறுவை சிகிச்சை ஆண்டுக்கு எத்தனை இங்கே நடக்கிறது? யார் செய்கிறார்? மயக்க மருந்து நிபுணர் நிரந்தரமா, வெளியிலிருந்து வருபவரா? இரவில் பணி மருத்துவர் யார்? அறுவைக் காயத்தில் தொற்று ஏற்பட்டவர்கள் கடந்த ஆண்டு எத்தனை பேர்? நிலைமை மோசமானால் எங்கே அனுப்புவீர்கள், ஆம்புலன்ஸ் உங்களுடையதா? உத்தேசச் செலவை எழுத்தில் தருவீர்களா?

எல்லாவற்றுக்கும் பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். ஓரிடத்தில் "இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்றார்கள். இன்னோரிடத்தில் ஓர் இளம் அலுவலர் பதிவேட்டை எடுத்து வந்து, நோயாளிகளின் பெயரை மறைத்துக்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் காட்டினார். தொற்று ஏற்பட்டவர்கள் இருந்தார்கள், அதையும் மறைக்கவில்லை. அங்கேதான் அம்மாவைச் சேர்த்தோம்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது ஒரு நியாயத்தை மறக்காதீர்கள். குழித்துறையிலும் குளச்சலிலும் சமாளிக்க முடியாத நோயாளிகள் ஆசாரிப்பள்ளத்துக்குத்தான் வருகிறார்கள். தனியார் கைவிட்டவர்களும் கடைசியில் அங்கேதான் வருகிறார்கள். அங்கே இறப்பும் அறுவைப் பிரசவமும் கூடுதலாக இருப்பது தரக்குறைவு ஆகிவிடாது. சிக்கலான நோயாளியைத் தொடக்கத்திலேயே வேறிடத்துக்கு அனுப்பிவிடும் சிறிய மருத்துவமனையின் கணக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

7. வெளியிடாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்

உங்களிடம் ஒன்றரை மாதம் இருந்தால் மட்டும் இந்தப் படி. பிரசவத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம்.

அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாளில் எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கான சான்றின் நகலை இணைக்க வேண்டும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்.

கேள்வியை எழுதுவதில்தான் பலர் தவறுகிறார்கள். "உங்கள் மருத்துவமனை ஏன் மோசமாக இருக்கிறது?" என்றால் பதில் வராது. "ஏன்" என்ற கேள்விக்கும் கருத்துக்கும் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள்: "கடைசியாக நடந்த என்.க்யூ.ஏ.எஸ். மதிப்பீட்டின் மதிப்பெண் அட்டையின் நகல்", "கடந்த நிதியாண்டில் மாத வாரியாக மொத்தப் பிரசவங்கள், அவற்றில் அறுவைப் பிரசவங்கள்", "நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கடந்த நான்கு கூட்டக் குறிப்புகளின் நகல்". நோயாளிகளின் பெயரைக் கேட்காதீர்கள், அது மறுக்கப்படும், மறுக்கப்படுவதும் சரிதான்.

தனியார் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் நேரடியாக வராது. ஆனால் வேறொரு சட்டத்தின்படி அரசு அலுவலகம் அதனிடமிருந்து பெறக்கூடிய தகவலைக் கேட்கலாம். இணை இயக்குநர் அலுவலகத்தில் அதன் பதிவு விவரத்தையும் ஆய்வு அறிக்கையையும் கேட்பதற்கு அதுதான் வழி. மூன்றாம் தரப்பின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 40 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள்.

8. வெளியே வரும்போது தாள்களுடன் வாருங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, எல்லாப் பரிசோதனை முடிவுகள், வகை பிரித்த பில். பணம் கட்டும் அவசரத்தில் அறுவைக் குறிப்பைப் பலர் கேட்பதில்லை. பிறகு வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதுதான். சிகிச்சைப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும், மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்றும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்காதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரையிலிருந்துதான் 72 மணி நேரம் ஓடத் தொடங்கும்.

குறை இருந்தால் முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுங்கள். அசைவு இல்லையென்றால், நிறுவனத்தின் மீதான புகாரை இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை பற்றியதை மருத்துவ கவுன்சிலிடமும் கொடுக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே வழக்குக் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டாண்டு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை மீது அந்த ஆணையத்தில் வழக்குப் போட முடியாது. மருத்துவமனை அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் என்.ஏ.பி.எச். வாரியத்துக்கும் புகார் அனுப்பலாம். காலாவதியான முத்திரையை மாட்டியிருந்த அந்த மருத்துவமனையைப் பற்றி நான் அனுப்பினேன், வாசலில் இருந்த பலகையின் படத்தையும் தளத்தில் இருந்த தேதியையும் இணைத்து. அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது முத்திரை இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள்.